மூன்று பிள்ளைகள், ஒரே அம்மா: ஜூனில் இருந்து வீட்டுப் படிப்புக்கு எப்படித் திட்டம் போடுவது?

மடிப்பாக்கத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். வெளியே அக்னி நட்சத்திரம், உள்ளே கரண்ட் இல்லை. பிள்ளைகள் மூன்று பேரும் மொசைக் தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். இந்த அமைதி இருபது நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம், அதற்குள் கேட்டுவிடுகிறேன்.

பெரியவளுக்கு 13 வயது, வருகிற பிப்ரவரியில் 14 முடியும். நடுவனுக்கு 9, சின்னவளுக்கு ஐந்தரை. போன ஜூனில் பெரியவர்கள் இரண்டு பேரையும் பள்ளியில் இருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்க ஆரம்பித்தோம். ஏன் நிறுத்தினோம் என்பது பெரிய கதை, அதை இங்கே இழுக்கவில்லை. சின்னவளைப் பள்ளிக்கு அனுப்பவே இல்லை.

நான் பத்து வருடம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவள். கட்டம் போட்டால் எதுவும் கட்டத்துக்குள் அடங்கிவிடும் என்று நம்புகிற ரகம். அதனால் போன வருடம் பெரிய சார்ட் ஒன்று வாங்கி, மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவால் காலை 9 மணியில் இருந்து மதியம் 1 மணி வரை நாற்பது நாற்பது நிமிடமாகப் பிரித்தேன். முதல் கட்டத்தில் பெரியவளுக்கு இயற்கணிதம், நடுவனுக்குத் தமிழ், சின்னவளுக்கு எழுத்து. முதல் நாள் 9.10க்குச் சின்னவள் "முடிச்சிட்டேன்" என்று நோட்டை நீட்டினாள். 9.15க்கு நடுவனுக்குப் பென்சில் சீவ வேண்டியிருந்தது. 9.20க்கு சிலிண்டர் வந்தது. 9.40க்கு நான் பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது, சார்ட்டின்படி அவளுடைய கணக்கு நேரம் முடிந்துவிட்டிருந்தது.

ஜூலையில் அந்தச் சார்ட் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போனது. ஆடியில் மாமியார் அதை உருவி எடுத்து, பின்பக்கத்தில் பெரியவளுக்குப் பதினைந்து புள்ளிக் கோலம் சொல்லிக்கொடுத்தார். அதனால் கிடைத்த பயன் அவ்வளவுதான்.

நடுவில் பதறிப்போய், "வருடம் முழுமைக்கும் எல்லாம் தயார்" என்ற ஒரு தொகுப்பைக் காசைக் கொட்டி வரவழைத்தேன். செப்டம்பர் மாதப் பாடத்தில், கீழே உதிர்ந்து கிடக்கும் சிவப்பு இலைகளைப் பொறுக்கி வரச் சொல்லியிருந்தது. எங்கள் தெருவில் வேப்பமரம் இலை உதிர்ப்பது மாசியில். நடுவன் செப்டம்பரில் பக்கெட்டோடு போய்விட்டு வெறும் கையோடு வந்தான். அப்புறம் நவம்பர் மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு வாரம் புத்தகத்தையே தொடவில்லை. அந்தப் பாக்கியை நான் மார்ச் வரைக்கும் மனதில் சுமந்துகொண்டிருந்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரியவள் தானாகவே படித்துக்கொள்கிறாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் அவள் கணக்கு நோட்டைப் புரட்டினால், இரண்டு பாடத்துக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்க விடைகள் அப்படியே இருக்கின்றன, வழிமுறை ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "நீ எப்பவும் அவங்ககூடத்தானே இருக்கே" என்றாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த ஜூனில் இருந்து என்ன செய்யலாம்? ஒரே ஆள் வெவ்வேறு வயதில் இருக்கிற மூன்று பிள்ளைகளுக்கு எப்படி நேரத்தைப் பிரிப்பது? பெரியவளின் பத்தாம் வகுப்புக்கு இப்போதே ஏதாவது பதிய வேண்டுமா? "இது சட்டப்படி செல்லுமா" என்று மாமனார் தினமும் பேப்பருக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கேட்கிறார். அவருக்கும் சேர்த்து யாராவது பதில் சொல்லுங்கள்.

வில்லிவாக்கம் அப்பா:

சகோதரி, பத்தாம் வகுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, எங்கள் வீட்டில் பாடம் நடத்தியது மனைவி.

என் பையன் என்ஐஓஎஸ் வழியாக எழுதினான். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், மத்திய அரசின் கீழ் வருவது, 1989ல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும். பொதுத்தேர்வு ஏப்ரல், அக்டோபர் என்று வருடத்துக்கு இரண்டு பருவம். எந்தப் பருவத்துக்கு எந்தத் தேதிக்குள் வயது நிறைய வேண்டும் என்பதைச் சேர்க்கைக் கையேட்டில் போட்டிருப்பார்கள். உங்கள் மகளுக்குப் பிப்ரவரியில்தான் 14 என்பதால் இந்த ஜூனில் பதிய ஒன்றும் இல்லை, பதற வேண்டாம்.

ஐந்து பாடம் எழுத வேண்டும். அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்க வேண்டும், இரண்டு மொழி வரை எடுக்கலாம். தமிழ்வழியிலும் எழுதலாம். கணக்கும் அறிவியலும் கட்டாயம் இல்லை என்பதைக் கேட்டுப் பலர் சந்தோஷப்படுவார்கள். பின்னால் பிளஸ் ஒன்னில் அறிவியல் குரூப் எடுக்கிற எண்ணம் துளியாவது இருந்தால் அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். மற்றபடி மனையியல், உளவியல், ஓவியம், கர்நாடக இசை, டேட்டா என்ட்ரி எல்லாம் பட்டியலில் உண்டு. என் பையன் ஓவியம் எடுத்தான், அந்த மார்க்தான் மொத்தத்தைத் தூக்கி நிறுத்தியது.

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒரு முறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. இவன் அக்டோபரில் இரண்டு, அடுத்த ஏப்ரலில் மூன்று என்று முடித்தான். ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். வீட்டில் எழுதித் தர வேண்டிய ஒப்படைப்பு உண்டு, அதற்கு 20 சதவீத மதிப்பெண். நாங்கள் அதைக் கடைசி நாளுக்கு முந்தின இரவு மூன்று மணி வரை எழுதினோம். நான் ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டேன், மனைவி திட்டிக்கொண்டே காபி போட்டாள்.

இந்த வருடத்துக்குள்ளேயே கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் தெம்பாக இருக்கும் என்றால், நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்தவர்கள் எழுதலாம்.

மாமனாருக்கு: 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதில் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வீட்டில் படிப்பதைப் பற்றி அந்தச் சட்டம் தனியாக எதுவும் பேசவில்லை. இவ்வளவுதான் நிலவரம், இதைக் கூட்டிக் குறைத்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போரூர் வாசி:

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு கஷ்டத்துக்குப் பேசாமல் பள்ளிக்கே அனுப்பிவிடலாமே? மூன்று பிள்ளைக்கு மூன்று டீச்சர் இருப்பார்கள், நீங்களும் தூங்கலாம்.

ராயபுரம் டீச்சர்:

போரூர் தம்பி, அந்த அம்மா கேட்டது வேறு. ஆனால் மூன்று பிள்ளைக்கு மூன்று டீச்சர் என்றீர்களே, அதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் வடசென்னையில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பில் இருந்து நான்காம் வகுப்பு வரை நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருத்தியாக நின்றிருக்கிறேன். அதனால் மடிப்பாக்கத்து அம்மாவிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

2003ல் எங்கள் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்த முறை, அப்புறம் இங்கிருந்து மாநிலம் முழுக்கப் போனது. பெஞ்சை வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்தோம். கரும்பலகை பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழே இறங்கியது. பாடம் அட்டை அட்டையாகத் தட்டில் இருக்கும், சுவரில் ஏணி படம் இருக்கும். பிள்ளை வந்ததும் தான் நேற்று எந்தப் படியில் நின்றது என்று பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு உட்காரும். பெற்றோர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர் விளையாட்டுக் காட்டுறாங்க" என்று போவார்கள். குறைகளும் இருந்தன. அட்டை தொலையும், கிழியும், இரண்டு பிள்ளைகள் ஒரே அட்டைக்குச் சண்டை போடும். ஆனால் ஒன்றை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

பிள்ளைகள் வகுப்புவாரியாக உட்கார மாட்டார்கள். அந்த நேரத்தில் யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை வைத்துத்தான் உட்காருவார்கள். டீச்சர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டியவர்கள் ஒரு பாயில். டீச்சர் தொடங்கிவைத்தால் போதும் என்பவர்கள் இன்னொன்றில். கூடப் படிக்கிற பிள்ளை உதவினால் போதும் என்பவர்கள் அடுத்ததில். தானாகச் செய்பவர்கள் ஓரமாக. நான் முதல் பாயில்தான் உட்காருவேன், மற்றவற்றை ஒரு கண்ணால் பார்த்துக்கொள்வேன்.

நீங்கள் சார்ட்டில் கடிகாரத்தைப் பங்கு போட்டிருக்கிறீர்கள். பங்கு போட வேண்டியது உங்களை, ம்மா. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கும் புதுப்பாடம் என்று வைத்தீர்கள், மூன்று பேருமே முதல் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். புதுப்பாடம் எந்த நேரத்திலும் ஒருத்தருக்குத்தான். மற்ற இரண்டு பேர் கையிலும் அப்போது ஏற்கெனவே தெரிந்த வேலை இருக்க வேண்டும்.

சின்னவளை முதலில் கவனியுங்கள். காலையில் குளித்து முடித்ததும் இருபது நிமிடம் அவளுக்கு மட்டும். மடியில் வைத்து எழுத்து, கதை, எண்ணிக்கை. வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி அப்புறம் தானாக விளையாடப் போய்விடும். ஐந்தரை வயதுக்கு அது போதும், மீதி நேரம் பாட்டியோடு உட்கார்ந்து பயறு பொறுக்கட்டும். இப்போது அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்குத்தான். உங்கள் நடுவன் தமிழில் மலராக இருந்து பின்னத்தில் அரும்பாக இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பின்னத்துக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தே மறுபடி தொடங்குங்கள். பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லா வகுப்புக்கும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பெரியவளுக்கு வருகிறேன். விடை இருக்கிற பக்கங்களைக் கிழித்து பீரோவில் வைத்துவிடுங்கள், அது சின்ன வேலை. அவள் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அதுதான் பெரிய வேலை. எங்கள் அறையிலும் நன்றாகப் படிக்கிற நான்காம் வகுப்புப் பெண்ணிடம்தான் நான் கடைசியாகப் போவேன். அவள் கையைத் தூக்கித் தூக்கி ஓய்ந்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எதுவும் தேவையில்லை என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம், கதவைச் சாத்திக்கொண்டு பெரியவளோடு கணக்கு. அந்த நேரத்தில் சிலிண்டர் வந்தால் மாமனார் வாங்கட்டும். தம்பி தங்கைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் அவள் தலையில் கட்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை அவளாக விரும்பிச் செய்தால் சரி.

அறிவியல், வரலாறு, கதை வாசிப்பு மூன்றையும் பிரிக்கவே வேண்டாம். மத்தியானம் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே பாடம் நடத்துங்கள். சின்னவள் படம் போடட்டும், நடுவன் ஐந்து வரி எழுதட்டும், பெரியவள் ஒரு பக்கம் எழுதட்டும்.

அப்புறம், திட்டத்தில் தேதி போடாதீர்கள். வாரம் 1, வாரம் 2 என்று 36 வாரத்துக்கு எண் மட்டும் போடுங்கள். வருடத்தில் 52 வாரம் இருக்கிறது, மழை வந்தால் எண் அப்படியே நிற்கும், தண்ணீர் வடிந்ததும் அதே எண்ணில் தொடங்கலாம்.

திருவான்மியூர் ராட்டினம்:

டீச்சர் சொன்ன மத்தியானப் பாடத்தைச் சென்னையின் பருவத்தோடு சேர்த்துவிடுங்கள். சிவப்பு இலைப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம்.

எங்கள் வீட்டில் ஜூன், ஜூலை வெயிலுக்கு உள்ளரங்கு இடங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனித் தளமே இருக்கிறது, ஏசியில் அரை நாள் ஓடிவிடும். அதே கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தில் தமிழிலும் காட்சி உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை. இரண்டு பிள்ளையும் தண்ணீர் பாட்டிலுமாகப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைதான் பாடம். சென்னையின் வருட மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டுகிறது. நேர்ச்சுவருள்ள ஒரு டப்பாவையும் ஸ்கேலையும் மொட்டை மாடியில் வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர், 100 மில்லிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். என் மகன் இதைக் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஏன் மே மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிறோம் என்று அப்பாவைக் கேட்டான். அவர் மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

பின்னத்தில் தடுமாறும் பையனுக்கு ஏரிகளைக் கொடுங்கள். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300. அன்றன்றைய இருப்பு பேப்பரில் வரும். எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று தினம் ஒரு கணக்கு.

மழை ஓய்ந்ததும் உங்களுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணை. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022ல் சேர்ந்த சதுப்பு நிலம், பூநாரை வருகிற இடம். இதற்கு வேன் பிடித்துப் பிக்னிக் போக வேண்டிய தேவையே இல்லாதவர் நீங்கள். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி, பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் ஆமை நடை, அதாவது ராத்திரியில் கடற்கரையோரம் ஆமைகளைத் தேடி நடப்பது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் நேரம். பெரியவளை மட்டும் கூட்டிப் போங்கள், நடுராத்திரிக்கு மேல் மணலில் ஏழு கிலோமீட்டர் நடக்கச் சின்னதுகளால் ஆகாது. அவளுக்கும் உங்களுக்கும் தனியாகப் பேச நேரம் கிடைக்கும்.

மடிப்பாக்கத்து அம்மா:

எல்லாருக்கும் நன்றி. ஜூன் வரைக்கும் பொறுக்காமல் இந்த வாரமே செய்து பார்த்தேன்.

டீச்சர், முதல் பாய் விஷயம் முதல் நாளே பிடிபடவில்லை. சின்னவளுக்கு இருபது நிமிடம் கொடுத்தேன், முடிந்ததும் "இன்னொரு கதை" என்று அழுகை. இரண்டாம் நாளும் அழுகை. மூன்றாம் நாள் அவளாகவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாட்டியிடம் போனாள். நடுவனுக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் ரோஷம் வரும் என்று பயந்து, அட்டைப்படத்தை அச்சு எடுக்காமல் பாடத்தை மட்டும் அச்சு எடுத்துக் கொடுத்தேன். ரெண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான். ஆனால் "இது ஈஸியா இருக்கே" என்று செய்துகொண்டிருக்கிறான், நான் வாயைத் திறக்கவில்லை.

பெரியவளோடு செவ்வாயும் வெள்ளியும் கதவைச் சாத்துகிறோம். முதல் செவ்வாய் கணக்கே போடவில்லை, பேசிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பாடத்தில் முதல் பாடத்தைத் திறந்தோம். ஆறாவது கணக்கில் எனக்கே தடுமாற்றம், அவள்தான் போட்டாள். வில்லிவாக்கம் அண்ணா சொன்ன பட்டியலைக் காட்டினேன். உளவியல் என்று ஒரு பாடம் பத்தாம் வகுப்பில் இருப்பதை அவளால் நம்பவே முடியவில்லை. கணக்கும் அறிவியலும் வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். "வச்சுக்கலாம்மா, பார்த்துக்கலாம்" என்றாள்.

போரூர் சார், நீங்கள் கேட்டதில் தவறில்லை. நவம்பரில் இரண்டு தடவை நானே அதை யோசித்தேன். இந்த 36 வாரத்தையும் பார்த்துவிட்டு நடுவனிடமே கேட்பதாக இருக்கிறேன், அவன் நண்பர்களுக்கு ஏங்குகிறான்.

சட்டம் பற்றிய பதிலை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவருக்கு வேறு பிரச்சினை. காலையில் பேப்பர் வந்ததும் நடுவன் ஏரி இருப்பைப் பார்க்க உட்கார்ந்துவிடுகிறான், பென்சிலால் ஓரத்தில் எல்லாம் கணக்கு. இவர் ராசிபலன் பார்ப்பதற்கு எட்டரை மணி வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. நேற்று வந்து, இன்னொரு பேப்பர் போடச் சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார்.